பட்டியலை எழுதுவது யார்?

இந்தியக் கால்பந்து அணித் தேர்வும் தில்லியின் பொறுப்பும்

புது தில்லி: தேர்தல் காலத்தில் வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் தில்லியில் உள்ள கட்சித் தலைமையகங்களின் வாசலில் நின்றவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. இடம் கிடைத்தவர் மாலையும் கழுத்துமாக வருவார். கிடைக்காதவரின் ஆதரவாளர்கள் கோஷம் எழுப்புவார்கள். பட்டியலை இறுதி செய்தது யார் என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். "மேலிடம்" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தியக் கால்பந்து அணிக்கான வீரர் பட்டியலும் ஏறத்தாழ இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஒவ்வொரு முறை பட்டியல் வெளியாகும்போதும் கொல்கத்தாவிலும் கோழிக்கோட்டிலும் இம்பாலிலும் ஐஸ்வாலிலும் ரசிகர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: இவர் ஏன் இருக்கிறார், அவர் ஏன் இல்லை? பதில் வருவதில்லை. அணி தோற்ற பிறகு பயிற்சியாளர் மாற்றப்படுகிறார். அடுத்த பட்டியல் வருகிறது. அதே கேள்வி மீண்டும் எழுகிறது.

2025 அக்டோபர் 14ஆம் தேதி கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் சிங்கப்பூரிடம் 1-2 என்ற கோல் கணக்கில் இந்தியா தோற்றது. 2027இல் சவூதி அரேபியாவில் நடைபெறும் ஆசியக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெறும் வாய்ப்பு அன்றோடு முடிந்தது. 24 நாடுகள் பங்கேற்கும் போட்டி அது. அடுத்த மாதம் 18ஆம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்ற கணக்கில் மற்றொரு தோல்வி. வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது 22 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை; அடித்த கோல்கள் இரண்டே. 2023 ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 99ஆம் இடத்தில் இருந்த அணி, 2025 நவம்பரில் 142ஆம் இடத்துக்கு இறங்கியது.

ரசிகர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அது சரியான முகவரிக்குச் செல்கிறதா என்பதுதான் ஐயம். 2024 ஜூனில் குரோஷியரான இகோர் ஸ்டிமாச் பதவி நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ், எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் 2025 ஜூலையில் விடைபெற்றார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய அணிக்கு வாய்த்த இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் அவர். மூவரும் மூன்று விதமான ஆட்ட முறைகளை நம்பியவர்கள். ஆயினும் கோல் அடிக்க ஆளில்லாத குறை மூவரின் காலத்திலும் மாறவில்லை.

காரணம் எளிது. பட்டியலின் அடியில் கையெழுத்திடுபவர் பயிற்சியாளர். ஆனால், அதில் பல பெயர்கள் சேர்வதும் நீங்குவதும் அவரது அறைக்கு வெளியே முடிவாகின்றன. அம்முடிவுகளில் முக்கியமான சில தில்லியில், அதுவும் நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய இடங்களில், எடுக்கப்படுகின்றன.

அணியே வேண்டாம் என்ற தேர்வு

ஒரு வீரரைத் தேர்வு செய்வதற்கு முன் ஓர் அணியை அனுப்புவதா என்ற கேள்வி இருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கால்பந்து அணியை அனுப்ப இந்திய ஒலிம்பிக் சங்கம் மறுத்தது. ஆசிய அளவில் முதல் எட்டு இடங்களுக்குள் இல்லாத அணிகளுக்கு இடமில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

2023இல் அதே காட்சி. இம்முறை மத்திய விளையாட்டு அமைச்சகமே அந்த எட்டாம் இட அளவுகோலை விதித்தது. பயிற்சியாளர் ஸ்டிமாச் பிரதமருக்குப் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். ஜூலை மாத இறுதியில் அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் அனுராக் தாக்குர், ஆடவர், மகளிர் ஆகிய இரு கால்பந்து அணிகளுக்கும் விதி தளர்த்தப்படுவதாக அறிவித்தார். ஒரு தேசிய அணியின் பயணம், பயிற்சியாளரின் பகிரங்கக் கடிதத்தாலும் அமைச்சரின் சலுகையாலும் தீர்மானமாக வேண்டியிருந்தது.

அரசின் தரப்பிலும் வாதம் உண்டு. பொதுப் பணத்தில் அனுப்பப்படும் அணி பதக்க வாய்ப்புடன் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கால்பந்தில் ஆசிய விளையாட்டுப் போட்டி என்பது 23 வயதுக்கு உட்பட்டோருக்கானது. மூவருக்கு மட்டுமே வயது விலக்கு. முதுநிலை அணியின் தரவரிசையைக் கொண்டு இளையோர் அணியின் தகுதியை அளப்பது, தந்தையின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மகனுக்குக் கல்லூரியில் இடம் மறுப்பதைப் போன்றது. 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியை முன்னிட்டு 2025 செப்டம்பரில் அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளிலும் குழு விளையாட்டுகளுக்கு அதே எட்டாம் இட விதிதான் இடம்பெற்றது.

இத்தனைக்கும், அதே 2025 செப்டம்பரில்தான் 23 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்திய இளையோர் பஹ்ரைனை 2-0 என்றும், புருனேயை 6-0 என்றும் வென்றனர். கத்தாரிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றதால் மயிரிழையில் வாய்ப்பை இழந்தனர். முதுநிலை அணிக்கு நாளை ஆள் தேட வேண்டிய இடம் இதுவே. அந்த இளைஞர்கள் பெரிய ஆசியப் போட்டியில் ஆடுவதா, வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பதா என்பது பயிற்சியாளரின் கையில் இல்லை.

கிளப்புகளின் வீட்டோ

2023இல் அமைச்சர் அனுமதி தந்துவிட்டார், அணி சென்றது. எந்த அணி? ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் 22 பேர் கொண்ட பட்டியல் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆசிய விளையாட்டுப் போட்டி ஃபிஃபாவின் சர்வதேச ஆட்ட நாள்களுக்குள் வராதது. எனவே வீரர்களை விடுவிக்க வேண்டிய கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. செப்டம்பர் 21ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக் தொடங்கவிருந்தது. பல கிளப்புகள் கைவிரித்தன. செப்டம்பர் நடுப்பகுதியில் வேறொரு பட்டியல் தயாரானது. முதல் பட்டியலில் இருந்த பலர் அதில் இல்லை.

போதிய பயிற்சி முகாம்கூட இல்லாமல் ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் அந்த அணி சீனாவின் ஹாங்சோ நகரைச் சென்றடைந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி சீனாவிடம் 1-5 என்ற கணக்கில் தோற்றது. பிறகு வங்கதேசத்தை வென்று, மியான்மருடன் சமன் செய்து, நாக்-அவுட் சுற்றுக்கு முன்னேறியதே பெரிய செய்தி. 39 வயதில் சுனில் சேத்ரி அந்த இளைஞர்களோடு சென்று சுமையைத் தாங்கினார்.

இரண்டாண்டுகள் கழித்து மீண்டும் அதே பாடம். 2025 ஆகஸ்டில் மத்திய ஆசிய நாடுகள் பங்கேற்ற தொடருக்காகக் காலித் ஜமீல் நடத்திய முதல் பயிற்சி முகாமுக்கு, கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப் தன் வீரர்களை அனுப்பவில்லை. முகாமும் தொடரின் தொடக்க ஆட்டமும் சர்வதேச ஆட்ட நாள்களுக்கு வெளியே அமைந்திருந்தன. ஆக, நாட்டின் வலுவான கிளப் ஒன்றின் வீரர்கள் இல்லாமல்தான் புதிய பயிற்சியாளர் தன் முதல் பட்டியலை எழுதினார். அந்த அணி தஜிகிஸ்தானை வென்று, ஓமனை பெனால்டி முறையில் வீழ்த்தி மூன்றாம் இடம் பெற்றது என்பது வேறு விஷயம்.

கிளப்புகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீரருக்குச் சம்பளம் தருவது கிளப். அவர் தேசிய அணிக்கு ஆடிக் காயமடைந்தால் பல வாரங்கள் அவரை இழப்பதும் கிளப்தான். லீக் அட்டவணையும் தேசிய அணி அட்டவணையும் ஒரே மேசையில், ஓராண்டு முன்னதாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் இந்த இழுபறிக்கே இடமில்லை. அந்த மேசையை அமைக்க வேண்டிய பொறுப்பு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துடையது.

முன்களத்தில் ஆள் எங்கே?

ரசிகர்களிடையே மிகக் கடுமையான விவாதத்தை எழுப்பிய தேர்வு, 2025 மார்ச்சில் சேத்ரி மீண்டும் அழைக்கப்பட்டதுதான். 2024 ஜூன் 6ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு அவர் கண்ணீர் மல்க விடைபெற்றிருந்தார். ஒன்பது மாதங்களில், 40 வயதில், அவரே திரும்பவும் மைய முன்கள வீரர். "இளைஞர்களின் வாய்ப்பைப் பறிக்கலாமா?" என்பது ஒரு சாராரின் கேள்வி. "வேறு யார் இருக்கிறார்?" என்பது மறு சாராரின் பதில் கேள்வி.

இரு தரப்புமே சரி. 2024-25 இந்தியன் சூப்பர் லீக் தொடரில் சேத்ரி 14 கோல்கள் அடித்தார். இந்திய வீரர்களில் அதுவே மிக அதிகம். நாட்டின் உயர்நிலை லீகில் மற்ற எந்த இந்தியரையும்விட அதிக கோல் அடித்தவரை அழைக்காமல் விட எந்தப் பயிற்சியாளருக்கு மனம் வரும்? ஆனால் 40 வயதுக்காரர் அந்த இடத்தில் இருப்பது அவருக்குப் பெருமை, அமைப்புக்குத் தலைக்குனிவு.

அதன் காரணமும் மறைவானதல்ல. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில் 2024-25 வரை 11 தொடர்கள் நடந்து முடிந்தன. அதிக கோல் அடித்தவருக்கான விருது ஒரு முறைகூட இந்தியருக்குக் கிடைக்கவில்லை. கிளப்புகள் பணம் கொடுத்து வெளிநாட்டு வீரரை வாங்கும்போது முதலில் நிரப்பும் இடம் மைய முன்களம். அங்கே ஆட வேண்டிய இந்திய இளைஞர், ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார் அல்லது மாற்று வீரர்களுக்கான இருக்கையில் அமர்கிறார். வாரந்தோறும் கிளப்புக்காக ஆடாத இடத்தில், ஆண்டுக்கு ஏழெட்டு முறை நாட்டுக்காக மட்டும் ஆடிக் கோல் அடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்ற இந்தியா, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பியது. அன்றைய பட்டியலில் எந்தப் பெயரை மாற்றியிருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

இதற்கு மேல் ஓர் இடியாக, 2025 ஜூலையில் லீகே நிறுத்தி வைக்கப்பட்டது. லீகை நடத்திய ரிலையன்ஸ் சார்பு நிறுவனத்துக்கும் சம்மேளனத்துக்கும் இடையே 2010இல் கையெழுத்தான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பதில் முடிவு எட்டவில்லை. பின்னர் சம்மேளனம் கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. சிங்கப்பூருக்கும் வங்கதேசத்துக்கும் எதிராக ஆடிய மாதங்களில் இந்திய வீரர்களுக்கு லீக் ஆட்டமே இல்லை. பயிற்சி முகாமிலேயே உடல்தகுதியைத் தேட வேண்டிய நிலை. கடைசியில் 2026 ஜனவரியில், பிப்ரவரி 14ஆம் தேதி முதல் லீக் நடைபெறும் என்று அறிவித்தவர் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா. சம்மேளனமும் கிளப்புகளும் பேசி முடிக்க வேண்டியதை அமைச்சர் அறிவிக்க நேர்ந்ததே நிலைமையின் தீவிரத்தைக் காட்டும்.

கடவுச்சீட்டு வரையும் எல்லைக்கோடு

பட்டியலில் யார் இடம்பெறலாம் என்பதற்கு மற்றோர் எல்லைக்கோடும் உண்டு. அது குடியுரிமைச் சட்டம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் மட்டுமே தேசிய அணிக்கு ஆடலாம் என்பது 2008 முதல் மத்திய அரசின் கொள்கை. நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்திய வம்சாவளியினர் வைத்திருக்கும் ஓசிஐ அட்டை, வாக்குரிமையைத் தராததைப் போலவே இந்திய அணியின் சட்டையையும் தராது. அட்டை பெற்று ஐந்தாண்டுகள் கழித்து, விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு இங்கே வசித்திருந்தால் குடியுரிமை கோரலாம். அதற்குப் பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறக்க வேண்டும்.

ஐரோப்பாவில் தொழில்முறையில் ஆடும் ஒருவர், அங்கே வேலை செய்யும் உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டு வருவது அரிது. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அப்படி வந்தார்; 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். அதன் பின் நீண்ட இடைவெளி. 2025 நவம்பரில் பெங்களூரு கிளப்பின் ரயான் வில்லியம்ஸ், ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடிமகனானார். முகாமுக்கும் அழைக்கப்பட்டார். ஆனால் உரிய அனுமதி குறித்த நேரத்தில் வராததால் டாக்காவில் களமிறங்க முடியவில்லை. அதே ஆட்டத்துக்கு வங்கதேசம் தயாரான விதம் வேறு. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்து லெஸ்டர் சிட்டி அணிக்கு ஆடிய ஹம்சா சௌத்ரியை அது 2025 மார்ச்சில், ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராகவே அறிமுகம் செய்திருந்தது.

"அவர்கள் செய்கிறார்கள், நாம் ஏன் செய்யக்கூடாது?" என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியில் நியாயம் உண்டு, ஆபத்தும் உண்டு. மலேசிய அணியில் இடம்பெற்ற வெளிநாட்டில் பிறந்த ஏழு வீரர்களின் ஆவணங்கள் போலியானவை என்று கூறி, 2025 செப்டம்பரில் ஃபிஃபா அவர்களுக்கு ஓராண்டுத் தடையும் அந்நாட்டுச் சம்மேளனத்துக்கு அபராதமும் விதித்தது. குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது சான்று. தவிர, குடியுரிமை என்பது ஒரு விளையாட்டின் வசதிக்காக வளைக்கக்கூடிய சிறு விதியன்று. வில்லியம்ஸைப் போல மனமுவந்து வருவோரின் விண்ணப்பம் விரைந்து தீர்க்கப்பட வேண்டும் என்று கேட்கலாம். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனி விலக்கு தரலாமா என்பதை நாடாளுமன்றம்தான் விவாதித்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல், வெளிநாட்டு வீரர்களை அணுகிக்கொண்டிருக்கிறோம் என்று சம்மேளனம் அவ்வப்போது பேசுவது ரசிகர்களுக்குக் காட்டும் கானல் நீர்.

பயிற்சியாளருக்கும் பங்குண்டு

இவ்வளவையும் சொல்வதால் பயிற்சியாளர்களின் தவறுகள் மறைந்துவிடாது. 2023 செப்டம்பரில் ஆங்கில நாளேடு ஒன்று ஒரு செய்தி வெளியிட்டது. முந்தைய ஆண்டு ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு முன், வீரர்களின் பெயர்ப் பட்டியலை ஸ்டிமாச் ஒரு ஜோதிடருக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார் என்றது அச்செய்தி. நாடே சிரித்தது, சில நாள்களில் மறந்தும் போனது. ஆனால் ஆடும் பதினொருவரில் இடமிழந்தவர்கள் சிரித்திருக்கமாட்டார்கள். தங்கள் கால்களில் குறையா, கிரகங்களில் குறையா என்று கேட்க அவர்களுக்கு வழி ஏதும் இருந்ததா?

மார்க்கெஸ் விஷயத்தில் குறை வேறு வகை. தேசிய அணியின் பொறுப்பில் இருந்தபோதே அவர் கோவா கிளப்பின் பயிற்சியாளராகவும் நீடிக்கச் சம்மேளனம் அனுமதித்தது. தன் கிளப் வீரரை அவர் தேர்வு செய்தாலும் சந்தேகம், செய்யாவிட்டாலும் சந்தேகம். அவர் நேர்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் நேர்மை இருந்தால் மட்டும் போதாது. அது இருக்கிறது என்று மற்றவர்களும் நம்ப வேண்டும். ஓர் அமைச்சர் தன் துறையோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனத்திலும் பதவி வகித்தால் நாடாளுமன்றம் ஒரு நாள் பொறுக்குமா?

நம் கால்பந்தின் பொற்காலம் இந்த இடத்தில் நினைவுக்கு வருவது தவிர்க்க இயலாதது. 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, அதே அணியை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்ட பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்துக்கு மாற்றினார் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். காய்ச்சலிலிருந்து மீண்ட கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்துக்குத் திரும்பவும் களமிறக்கினார். ஜர்னைல் இறுதி ஆட்டத்தில் கோலும் அடித்தார். முடிவு தவறாகியிருந்தால் பழி முழுவதும் ரஹீமின் தலையில்தான் விழுந்திருக்கும். அதிகாரமும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன. இன்று பொறுப்பு ஒருவரிடம். அதிகாரம் ஐந்தாறு பேரிடம்.

நாடாளுமன்றம் என்ன செய்யலாம்?

இந்தியக் கால்பந்தை நெடுங்காலம் ஆண்டவர்கள் நாடாளுமன்றவாதிகளே. காங்கிரஸின் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி 20 ஆண்டுகள், தேசியவாத காங்கிரஸின் பிரஃபுல் படேல் ஏறத்தாழ 13 ஆண்டுகள் சம்மேளனத் தலைவராக இருந்தார்கள். இருவரும் மத்திய அமைச்சர்களாகவும் இருந்தவர்கள். உரிய காலத்தில் தேர்தல் நடத்தாததால் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழுவை அமைத்தது. மூன்றாம் தரப்புத் தலையீடு என்று கூறி அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவைச் சில நாள்கள் இடைநீக்கம் செய்தது. அதற்கு முன் வகுக்கப்பட்ட திட்டப்படி 36 முன்னாள் வீரர்களுக்கு வாக்குரிமை கிடைத்திருக்க வேண்டும். இடைநீக்கத்தை விலக்கும் முயற்சியில் அது கைவிடப்பட்டது. செப்டம்பரில் நடந்த தேர்தலில் முன்னாள் கோல்கீப்பரும் பாஜக பிரமுகருமான கல்யாண் சௌபே, முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியாவை 33-1 என்ற வாக்குக் கணக்கில் தோற்கடித்தார். நூறு ஆட்டங்களுக்கு மேல் நாட்டுக்காக ஆடியவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. களத்தில் பெற்ற பெயருக்கும் சம்மேளன வாக்குப்பெட்டிக்கும் உள்ள தூரம் அது.

இச்சூழலில்தான் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி மக்களவையில் அது நிறைவேறியபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் தேர்தல் ஆணையத்தை நோக்கிப் பேரணி சென்று தடுத்து நிறுத்தப்பட்டிருந்தார்கள். நாட்டின் எல்லா விளையாட்டுச் சம்மேளனங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம், சுருக்கமான விவாதத்தோடு குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் தந்தது.

சட்டத்தில் நல்லவை உண்டு. சம்மேளனங்களை அங்கீகரிக்கத் தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளைத் தீர்க்கத் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம், நிர்வாகக் குழுவில் வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் ஆகியவை வரவேற்கத்தக்கவை. தேர்வில் அநீதி என்று கருதும் வீரர், நீதிமன்றங்களில் அலையாமல் தீர்ப்பாயத்தை நாட இனி வழி பிறக்கும். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பு, மசோதாவில் முதலில் இருந்ததைவிடக் குறுக்கப்பட்டு, அரசு நிதி பெறும் அமைப்புகளோடு நின்றுவிட்டது. தேர்வுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கு என்பது இன்னும் தெளிவாகவில்லை. காரணமே சொல்லப்படாத முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் எதை வாதிடுவது?

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பட்டியல் வெளியாகும் நாளில், எந்த இடத்துக்கு எந்த அடிப்படையில் வீரர்கள் தேர்வானார்கள் என்று பயிற்சியாளரின் ஒரு பக்க விளக்கத்தைச் சம்மேளனம் வெளியிடலாம். எந்தக் கிளப் எந்த வீரரை விடுவிக்க மறுத்தது என்பதையும் அதிலேயே சொல்லலாம். லீக், தேசிய அணி ஆகியவற்றின் அட்டவணைகள் ஒன்றாகத் தயாரிக்கப்பட வேண்டும். இளையோர் அணியை அனுப்புவதற்கான அளவுகோல் இளையோர் அணியின் ஆட்டத்தைக் கொண்டே அமைய வேண்டும். மைய முன்களத்தில் இந்திய வீரருக்குக் குறிப்பிட்ட நிமிடங்களாவது ஆட்டம் கிடைக்க லீக் விதிகளில் வழி செய்ய வேண்டும். இவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேள்வி நேரத்தில் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு இருக்கிறது. கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்கக் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது அவர்கள் இதில் காட்டலாம்.

முறையாகத் திட்டமிட்டால் பலன் வரும் என்பதற்குச் சான்று வெளியே தேட வேண்டியதில்லை. 2025 ஜூலை 5ஆம் தேதி சியாங் மாய் நகரில் தாய்லாந்தை 2-1 என்று அதன் மண்ணிலேயே வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இந்திய மகளிர் அணி. பணமும் விளம்பரமும் ஆடவர் பக்கம் இருக்கையில், தகுதிச் சுற்றைத் தாண்டியது மகளிர்தான்.

ஒரு ரசிகரின் கருத்து

நாடாளுமன்றச் செய்தியாளர் என்ற முறையில் இவ்வளவு. இனி ஒரு ரசிகராக ஒரு வார்த்தை. தில்லி கேட் அருகே உள்ள அம்பேத்கர் மைதானத்தில் 2008 ஆகஸ்ட் 13ஆம் தேதி தஜிகிஸ்தானை இந்தியா 4-1 என்று வென்றபோது படிக்கட்டில் அமர்ந்திருந்தவர்களில் இச்செய்தியாளரும் ஒருவர். மூன்று கோல்கள் அடித்த இளைஞருக்கு அப்போதுதான் 24 வயது நிறைந்திருந்தது. நான்காவது கோல் பூட்டியாவுடையது. அந்த வெற்றிதான் 27 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2011 ஆசியக் கோப்பையில் இந்தியா ஆட வழி வகுத்தது. மூத்தவர் பக்கத்தில் இருக்க, இளையவர் வளர்ந்தார். அந்த இளைஞர்தான் சுனில் சேத்ரி.

2027 ஆசியக் கோப்பை கைவிட்டுப் போன பிறகு, இழக்க இனி எதுவும் இல்லை. ஆகவே அடுத்த பட்டியல்கள் இளையவர்களுடையதாக இருக்கட்டும். புருனேக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்த விபின் மோகனன், அதே தகுதிச் சுற்றில் கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் எதிராகக் கோல் அடித்த முகமது சுஹைல் போன்றோருக்கு ஓர் ஆட்டத்தில் சோபிக்காவிட்டாலும் அடுத்த ஆட்டம் உண்டு என்ற உறுதி வேண்டும். இரண்டாண்டுகள் தோற்றாலும் ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஏன் தோற்கிறோம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படுமானால்.

2008இல் அம்பேத்கர் மைதானத்தில் யார் நம் முன்கள வீரர் என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 17 ஆண்டுகள் கழித்து, 2025இல் ஃபட்டோர்டா மைதானத்தில் சிங்கப்பூருக்கு எதிராக ஆடிய அணியிலும் அதே சேத்ரி இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் வேறொரு பெயர் ஏன் எழுதப்படவில்லை என்ற கேள்விக்குப் பயிற்சியாளர் மட்டும் பதில் சொல்ல முடியாது. அமைச்சகமும் சம்மேளனமும் கிளப்புகளும் நாடாளுமன்றமும் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில் அது.